அடி விழுமுன் செய்ய வேண்டியவை
வட்டவடை, மூணாறு பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு

வேலைத்தலத்தில் வன்முறை என்றவுடன் வெட்டு, குத்து, போலீஸ், பத்திரிகைச் செய்தி ஆகியவைதாம் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த ஒரு நாளுக்கு முன்னே பல நாட்கள் கழிந்திருக்கும். பெயர் சொல்லாமல் சாதி சொல்லிக் கூப்பிட்ட நாள், பாக்கிக் கூலி கேட்டதற்கு "சாயங்காலம் தனியா வந்து வாங்கிக்கோ" என்று பதில் வந்த நாள், ஒரு பெண்ணை மட்டும் பிரித்து எல்லோருக்கும் எட்டாத தூரத்து வயலுக்கு அனுப்பிய நாள், குடித்துவிட்டு வந்து வீட்டுக் கதவைத் தட்டிய நாள். இந்த நாட்களில் நாம் என்ன ஏற்பாடு செய்து வைத்தோமோ, பெரிய ஆபத்து வரும் நாளில் அதுதான் கை கொடுக்கும். அன்றைக்குப் போய் யோசிக்கலாம் என்று விட்டுவிட்டால், யோசிக்க நேரம் கிடைப்பதில்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெனீவாவில் இதற்கென்றே ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 190ஆம் எண் உடன்படிக்கை என்று அதைச் சொல்வார்கள். 2021 ஜூன் 25ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. உடம்பில் படும் அடி மட்டுமின்றி, மனத்தையும் வருமானத்தையும் கெடுக்கும் நடத்தை, பாலியல் தொந்தரவு, வெறும் மிரட்டல் ஆகியவையும் அதில் வன்முறைதான். ஒரே ஒரு முறை நடந்தாலும் கணக்கில் சேரும். நம்மவர்களுக்கு முக்கியமான இன்னொரு விஷயம் அதில் இருக்கிறது. வேலைக்குப் போகிற வருகிற வழியும், முதலாளி தங்க வைக்கும் வீடும் வேலைத்தலத்தைச் சேர்ந்தவை என்று அந்த உடன்படிக்கை கொள்கிறது. ஜீப்பில் போய் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும், எஸ்டேட் லயத்தில் குடியிருக்கிறவர்களுக்கும் இதன் அருமை உடனே விளங்கும்.

இனி வட்டவடையைப் பார்ப்போம். நம் சங்கக் குடும்பங்களில் பலருக்கு அந்தப் பக்கம் உறவு உண்டு. இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். இடுக்கி மாவட்டம் தேவிகுளம் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிற பஞ்சாயத்து அது. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. ஆனாலும் வட்டவடை, கோவிலூர், கொட்டாக்கொம்பூர் ஆகிய இடங்களில் காதில் விழுவது தமிழ்தான். படிக்கட்டு போன்ற வயல்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் விளைகின்றன. மூணாறிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர். டாப் ஸ்டேஷனைத் தாண்டி, பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவின் ஊடே சாலை போகிறது. காட்டு வழி என்பதால் இரவுப் போக்குவரத்துக்கு வனத்துறைக் கட்டுப்பாடு உண்டு. பெரிய காயம் என்றால் அடிமாலி தாலுகா மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது மூணாறையும் தாண்டி இன்னும் 30 கிலோமீட்டர்.

இந்தத் தூரம்தான் முதல் விஷயம். பட்டணத்தில் கூச்சல் போட்டால் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். மலைச்சரிவில் கூச்சல் போட்டால் எதிர்ச்சரிவில் இருப்பவருக்குக் கேட்கும், ஆனால் அவர் இறங்கி ஏறி வந்து சேர அரைமணி நேரம் ஆகும். இரவில் போலீஸ் ஜீப்பும் அதே காட்டு வழியில்தான் வர வேண்டும். ஆகவே "யாரையாவது கூப்பிடலாம்" என்ற நம்பிக்கை இங்கே பாதி நம்பிக்கைதான்.

இந்த மலையிலேயே முன்யோசனைக்கு ஓர் உதாரணம் உண்டு. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஒரு பழைய சாலை போகிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பான்காரர்கள் சென்னையில் வந்து இறங்கிவிட்டால் வெள்ளைக்காரர்கள் மலைமேல் தப்பி கொச்சிக்குப் போய்க் கப்பல் ஏறுவதற்கென்று அதைச் செப்பனிட்டு வைத்தார்கள். 'எஸ்கேப் ரோடு' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. ஜப்பான்காரர்கள் வரவில்லை. இருந்தாலும் துரைமார்கள் தங்களுக்கு வழி போட்டு வைத்துக்கொண்டார்கள் பாருங்கள். கொழுந்து பறித்தவர்களுக்கு அப்படி யாரும் வழி போடவில்லை.

இரண்டாவது விஷயம் வீடு. எஸ்டேட்டில் வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கின்றன. தொழிலாளிக்கு வீடு தரும் கடமையை 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தது. நல்லதுதான். ஆனால் வேலை போனால் வீடும் போகும் என்பது அதன் மறுபக்கம். மேலே இருக்கும் ஒருவர் தவறாக நடந்துகொண்டால், அவர்மேல் புகார் சொல்லும் பெண் தன் கூலியோடு பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் மாமியாரின் படுக்கையையும் பணயம் வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று சுலபமாகக் கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு லயத்துச் சுவர்தான் பதில்.

மூன்றாவது, முன்பணம். தேனி, போடி, கம்பம் பக்கத்திலிருந்து வருகிறவர்களாகட்டும், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வருகிறவர்களாகட்டும், அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வந்தவர் நடுவில் விட்டுப் போக முடியாது என்று நினைக்கிறார். ஆதார் அட்டையை ஆள் பிடிப்பவரிடம் கொடுத்துவிட்டவர் இன்னும் அதிகமாகக் கட்டுண்டு கிடக்கிறார். மிரட்டுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். யாருக்குப் போக்கிடம் இல்லையோ அவரிடம்தான் அவன் கை நீட்டுகிறான்.

ஊர் முழுவதுமே பதற்றமாகும் சமயங்களும் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் சூடேறியபோது, இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகத் தேனி மாவட்டத்துக்கு இறங்கின. அவ்வளவு பெரிய கலவரத்தை ஒரு தொழிலாளி தடுக்க முடியாது. ஆனால் அட்டைகளும் கொஞ்சம் கைக்காசும் ஒரே பையில் இருந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடனே புறப்படலாம். பெட்டியைத் துழாவிக்கொண்டிருப்பவருக்கு அது முடியாது.

இரண்டு சம்பவங்கள்

முதலாவது 2023 மே 10ஆம் தேதி விடியற்காலை கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் நடந்தது. பயிற்சி மருத்துவராக இருந்த வந்தனா தாஸ், 23 வயது, கால் காயத்துக்குக் கட்டுப்போடப் போலீசார் அழைத்து வந்த ஒருவரால் கத்திரிக்கோலால் குத்திக் கொல்லப்பட்டார். அந்த மனிதர் குற்றவாளியாக விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர் இல்லை. தனக்கு ஆபத்து என்று தானே போலீசுக்குப் போன் செய்தவர். அதனால் யாரும் அவரைக் குறித்து உஷாராக இருக்கவில்லை. அறுவைக் கருவிகள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தன. கலவரம் வெடித்ததும் மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள், அந்தப் பெண் தனியே அகப்பட்டுக்கொண்டார். கேரள அரசு அந்த மாதமே, 2012ஆம் ஆண்டு மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டத்தை அவசரச் சட்டத்தால் கடுமையாக்கியது. படுகாயம் விளைவித்தால் 7 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றானது. நம் குடும்பங்களில் எத்தனையோ பெண்கள் நர்சு வேலையில் இருக்கிறார்கள். தண்டனை கூடியது அவர்களுக்கு ஓர் ஆறுதல். ஆனால் கதவு எந்தப் பக்கம், கருவித்தட்டு எங்கே, ஒருவர் கத்தினால் மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்பதுதான் உயிரைக் காக்கும். கேரள சுகாதாரத்துறை பிறகு மருத்துவமனைகளுக்கு 'கோட் கிரே' என்ற நடைமுறையை வகுத்ததும் இதற்காகத்தான்.

இரண்டாவது நமக்கு இன்னும் அருகில் நடந்தது. வட்டவடையிலிருந்து கிழக்கே மலையைத் தாண்டினால் கொடைக்கானல், அது திண்டுக்கல் மாவட்டம். அந்த மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண்ணொருவர் 2021 ஜனவரியில் கொலையுண்டார். ஆலை மேற்பார்வையாளர் கைதானார். பல மாதங்களாகவே தொந்தரவு இருந்தது என்று குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும் சொன்னார்கள். அதாவது விஷயம் பலருக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் தெரிந்ததைக் கொண்டுபோய்ச் சொல்ல நம்பிக்கையான ஓர் இடம் இல்லை. பெண்கள் தலைமையில் இயங்கிய தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும் அதற்குத் துணை நின்ற அமைப்புகளும் ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. எச் அண்ட் எம், கேப், பிவிஹெச் ஆகிய வெளிநாட்டு நிறுவனங்களும் அதில் சேர்ந்தன. 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று உலகம் முழுவதும் பேசப்பட்டது அதுதான். அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு. தையல் வரிசைகளில் வேலை செய்யும் பெண்களையே சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. கெட்ட வார்த்தை, தொடுதல், மிரட்டல் எது நடந்தாலும் கவனித்துச் சொல்லும் பொறுப்பு அவர்களுக்கு. கொலை நடக்கும் வரை காத்திராமல், முதல் கெட்ட வார்த்தையிலேயே விஷயம் மேலே போய்விடும்.

அத்தகைய ஒப்பந்தம் நம் பூண்டு வயலுக்கு வராது. ஆனால் அந்தச் சின்ன ஏற்பாட்டை எட்டுப் பெண்கள் சேர்ந்தால் நாளைக் காலையிலேயே செய்துகொள்ளலாம். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவரைக் காது கொடுக்கும் ஆளாக வைத்துக்கொள்ள வேண்டும். யாருக்கு என்ன நடந்தாலும் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும், எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற மகள் எழுதட்டும். 2015 செப்டம்பரில் மூணாறில் பல்லாயிரம் தேயிலைத் தொழிலாளப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு, பெரிய யூனியன் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்று ரோட்டில் உட்கார்ந்து வெற்றி கண்டது எல்லோருக்கும் தெரியும். ஒரே லயத்தில் இருந்து, ஒன்றாகக் கொழுந்து பறித்துப் பழகிய பழக்கம் அந்த ஒன்பது நாளில் வேலை செய்தது. அதே பழக்கம் பாதுகாப்புக்கும் உதவும்.

நாள்தோறும் செய்யக்கூடியவை

இடத்தை முதலில் கண்ணால் அளக்க வேண்டும். புது வயலோ, புது ஹோம்ஸ்டேயோ, புது ஏலத்தோட்டமோ, வெளியேறும் வழி இரண்டாவது எங்கே என்று பார்த்து வையுங்கள். போன் சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கிறது என்று கேட்டு வையுங்கள். நம் சிம்முக்கு சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு கம்பெனி டவர் எட்டினால் 112க்குப் பெரும்பாலும் அழைப்பு போகும். இது பலருக்குத் தெரிவதில்லை.

தனியாகப் போகச் சொன்னால் இரண்டு பேராகப் போவது என்ற வழக்கத்தை ஆபத்து வருமுன்பே பழக்கிவிட வேண்டும். சந்தேகம் வந்த பிறகு "நான் தனியே போக மாட்டேன்" என்று சொன்னால் அது சண்டையாகிவிடும். முதல் நாளிலிருந்தே இருவராகப் போனால், "இந்தக் கூட்டம் இப்படித்தான்" என்று பழகிவிடும். கூலி வாங்கப் போகும்போது இது மிக அவசியம். சம்பள நாள் மாலை, குடி கலந்த கோவில் திருவிழா நாள், ஒருவரை வேலையைவிட்டு நிறுத்திய மறுநாள், இந்த மூன்றிலும் கூடுதல் கவனம் தேவை.

ரிசார்ட்டிலும் ஹோம்ஸ்டேயிலும் இரவு வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு ஆபத்து பெரும்பாலும் விருந்தினர் பக்கமிருந்து வருகிறது. குடித்தவர் அறைக்குச் சாப்பாடு கொண்டுபோனால் வாசலிலேயே கொடுத்துவிட்டு வர வேண்டும், கதவுக்கு உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. கீழே இருப்பவரிடம் "மூன்றாம் நம்பருக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். விருந்தினர்மேல் புகார் சொன்னால் முதலாளி யார் பக்கம் நிற்பார் என்பதை வேலைக்குச் சேரும் அன்றே கேட்டுவிடுவது நல்லது. அவர் முகம் சுளித்தால், அதுவே ஒரு பதில்.

ஜீப்புக்கு வருவோம். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் அதிகாலையில் ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதைத் தனியே பேச வேண்டும், அது வேறு கட்டுரை. இங்கே ஒன்று மட்டும். வண்டி எண், ஓட்டுநர் பெயர், போகும் எஸ்டேட் பெயர் ஆகிய மூன்றும் வீட்டில் ஒரு காகிதத்தில் இருக்க வேண்டும். சாயங்காலம் கடைசியாக இறங்குகிறவர் தனிப் பெண்ணாக இருந்தால், அவருக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்குகிறவர் கூடவே போய் விட்டுவிட்டு வரும்படி முறை வைத்துக்கொள்ளலாம்.

காகிதங்கள். நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கே ஆதாரம் இல்லையென்றால் மற்றதெல்லாம் பிறகுதான். வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று 1979இல் வந்த சட்டம், காண்டிராக்டர் ஒவ்வொருவருக்கும் போட்டோ ஒட்டிய பாஸ்புக் கொடுக்க வேண்டும் என்றது. அதைக் கையில் கண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே நாமே செய்துகொள்ள வேண்டும். தினமும் யார் வயல், என்ன வேலை, எவ்வளவு கூலி என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். ஆதார் அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம், நகல் போதும். மிரட்டல் ஏதும் வந்தால் அதே நோட்டின் பின்பக்கத்தில் தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் இருந்தவர் யார் என்று எழுத வேண்டும். கெட்ட வார்த்தையை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் "ஆபாசமாகப் பேசினார்" என்று எழுதினால் விசாரணையில் பலம் குறைவு. போனில் வந்த செய்தியை அழிக்காதீர்கள். மனத்துக்குக் கஷ்டமாக இருக்கிறதென்று அழித்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மிளகாய்ப்பொடி பற்றிக் கேட்பீர்கள். மலைக்காற்றில் அது வீசினவர் கண்ணிலேயே விழும். வயலில் இருக்கும் எல்லார் கையிலும் களைக்கொத்தோ அரிவாளோ இருக்கிறது. சண்டையில் நாம் ஆயுதம் எடுத்தால் அடுத்தவரிடமும் ஆயுதம் உண்டு. உடம்பைக் காத்துக்கொள்ள எதிர்க்கும் உரிமையைச் சட்டம் தருகிறது, ஆனால் தேவைக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. முடிந்தவரை விலகி ஆள் இருக்கும் இடத்துக்கு ஓடுவதே மேல். கூலிப் பாக்கியை நினைத்து நின்றுவிட வேண்டாம்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

ராஜஸ்தானத்தில் அரசு மகளிர் திட்டப் பணியாளராக இருந்து குழந்தைத் திருமணத்தைத் தடுத்த பன்வரி தேவி, 1992இல் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். செய்த வேலைக்காகவே அவருக்கு அந்தக் கொடுமை நேர்ந்தது. அதையொட்டி எழுந்த விசாகா வழக்கில் 1997 ஆகஸ்ட் 13ஆம் தேதி உச்சநீதிமன்றம் வழிமுறைகளை வகுத்தது. அதுவே 2013இல் சட்டமானது. பெண்களுக்கு வேலைத்தலத்தில் நேரும் பாலியல் தொந்தரவைத் தடுக்கும் சட்டம் அது. 10 பேர் அல்லது அதற்குமேல் வேலை செய்யும் இடத்தில் உள் விசாரணைக் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாகவும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாகவும், வெளியிலிருந்து ஒருவராவதும் இருக்க வேண்டும். குழுவின் விவரத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைப்பதும் முதலாளியின் கடமை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே, அந்தப் பலகை எங்கே என்று கேட்டுவிடுங்கள். தொந்தரவு வந்தபின் கேட்டால் ஏன் கேட்கிறாய் என்ற கேள்வி வரும்.

வட்டவடையில் ஐந்தாறு பேரை வைத்து வேலை வாங்கும் வயல்கள்தான் அதிகம். அங்கே உள் குழு இராது. அத்தகைய இடங்களுக்கும், முதலாளியே தவறு செய்தவரானால் அதற்கும், மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. வீட்டு வேலை செய்பவர்களும் அங்கேதான் போக வேண்டும். பைனாவிலுள்ள மாவட்டத் தலைநகருக்கு மலையிலிருந்து போய்ச் சேர ஒரு நாள் கூலி போய்விடும் என்று பயப்பட வேண்டாம். தாலுகா, பிளாக் அளவில் புகாரை வாங்கி 7 நாளில் குழுவுக்கு அனுப்பும் பொறுப்பதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அவர் யார் என்பதை இப்போதே பஞ்சாயத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம்.

முக்கியமான கெடு ஒன்று. சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக் கொடுப்பார்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் பொறுப்பு. விசாரணை நடக்கும்போதே வேறு இடத்துக்கு மாற்றும்படியோ, 3 மாதம் வரை விடுப்பு தரும்படியோ எழுதிக் கேட்கலாம். சமாதானம் என்பது புகார் கொடுத்த பெண் கேட்டால்தான் பேசப்படும், அதிலும் பணம் கைமாறக் கூடாது. ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு தொகையைப் பேசி முடித்துவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா, அந்தப் பேச்சு தொடங்கும்போது இதை நினைவில் வையுங்கள். நிரூபிக்க முடியாமல் போனாலே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது.

அடி, வெட்டு, பலாத்காரம் என்றால் குழுவோடு நிற்காமல் போலீசுக்குப் போக வேண்டும். ஆண்களுக்கும் இதுதான் வழி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் எல்லையோரத்துக்காரர்களுக்கு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. இடுக்கி ஏலத்தோட்டத்தில் அடிபட்டு மலையிறங்கிப் போடிக்கு வந்துவிட்ட பெண், "அங்கே போய்க் கொடு" என்ற பதிலைக் கேட்டுத் திரும்ப வேண்டியதில்லை. வாயால் சொன்னால் அவர்கள் எழுதி, படித்துக் காட்ட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். நிலையத்தில் வாங்க மறுத்தால் மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் அனுப்பலாம். பலாத்கார வழக்கில் குளிக்காமல், துணி துவைக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனையோ தனியாரோ, கட்டணம் வாங்காமல் உடனே சிகிச்சை தந்து போலீசுக்கும் தெரிவிக்க வேண்டும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. மலையாளம் எழுத வராது என்று நம்மவர் பலர் புகாரையே கைவிட்டுவிடுகிறார்கள். குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றிய அரசிலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எழுதலாம் என்பது அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்குத் தம் மொழியில் எழுதிப் பதில் பெறும் இடத்தைக் கொடுத்தது. ஆகவே தமிழிலேயே எழுதுங்கள். ஒரு நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாதி குறித்த வசவோ தாக்குதலோ சேர்ந்திருந்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தும். வட்டவடையில் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. சக்கிலியர் சமூகத்தாருக்கு முடிவெட்ட மறுத்த விவகாரத்தில் 2020இல் பஞ்சாயத்தே எல்லோருக்கும் பொதுவான முடிதிருத்தகம் திறந்தது. உள்ளூர் நிர்வாகம் நினைத்தால் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடப் பக்கத்துச் சான்று வேண்டியதில்லை.

நம்மில் முதலாளிகளாக இருப்பவர்களுக்கு

இதைப் படிக்கும் சிலர் கடை வைத்திருக்கிறீர்கள், மலையில் நிலம் வாங்கிக் குத்தகைக்கு விட்டிருக்கிறீர்கள், வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருக்கிறீர்கள். 10 பேருக்கு மேல் இருந்தும் குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதத்தைவிடப் பெரிதாக ஒன்று சொல்வேன். கூலியைப் பகலில், எல்லோர் முன்னிலையிலும் கொடுங்கள். மேஸ்திரி கையில் மொத்தமாகக் கொடுத்து இருட்டில் பங்கிடச் சொல்லாதீர்கள். வேலையாள் தங்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். கழிப்பிடம் தூரத்தில் இருந்தால் வழியில் ஒரு விளக்குப் போடுங்கள். இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு ஒரு மூட்டைப் பூண்டு விலையைத் தாண்டாது.

கடைசியாக, காலண்டர் பின்பக்கத்தில் எழுதி வைக்க வேண்டிய எண்கள். அவசர உதவிக்கு 112. பெண்களுக்கான உதவி எண் 181, கேரளத்தில் இதை 'மித்ரா' என்பார்கள், தமிழ்நாட்டிலும் இதே எண்தான். இலவச சட்ட உதவிக்கு 15100. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு வக்கீல் இலவசம், ஒவ்வொரு தாலுகாவிலும் அதற்கென்று சட்டப்பணிக் குழு இருக்கிறது. இந்த மூன்றோடு நான்காவதாக, இரவு இரண்டு மணிக்கும் ஜீப் எடுத்து வரக்கூடிய ஒருவரின் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். அவரிடம் இந்த வாரமே பேசி, வருவாரா என்று கேட்டுவிடுங்கள்.